ஒரு நாள் எண்டா கணக்கில்லை

இந்த நகரத்தில் எல்லோரும் எல்லோரையும் சந்திப்பது குதிரையின் வாலுக்குக் கீழேதான். ஹனோவர் ரயில் நிலையத்தின் முன்னால், உயர்ந்த கல்பீடத்தில், வெண்கலக் குதிரையில் ஒரு பழைய அரசன் இருக்கிறான். அவனுடைய முகத்துக்கு முன்னால் ஒருவரும் நிற்பதில்லை. வாலுக்குக் கீழே நில் என்றுதான் இந்த ஊர் ஜெர்மன்காரரே சொல்வார்கள். வந்த புதிதில் அது எங்களுக்குப் பெரிய பகிடி. பிறகு எங்களுக்கும் அதுவே வழக்கம். கூட வேலை செய்தவர்கள், சீட்டுப் பிடித்தவர்கள், என் அகதி வழக்குக்கு மொழிபெயர்க்க வந்தவர், எல்லோரையும் முதலில் வாலுக்குக் கீழேதான் கண்டிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அங்கே என் மனைவிக்காகக் காத்து நின்றேன். கையில் ஒரு பேக்கரிப் பை. பைக்குள் அவளுடைய தாலிக்கொடி.

நாங்கள் பிரிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் என்றும் ஒன்று இருந்திருக்கும். எனக்குப் பார்சல் பிரிக்கும் இடத்தில் பின்னேர வேலை. அவள் நாற்பது வயதுக்கு மேல் ஆவுஸ்பில்டுங் செய்து, தொழில் படித்து, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். அவளுக்குக் காலை வேலை. ஒருவர் கழற்றிப் போட்ட சப்பாத்தைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவர் உள்ளே வருகிற வீடு. மகள் இருக்கும்வரை எங்கள் பேச்செல்லாம் மகளூடாக நடந்தது. அப்பா சாப்பிட்டாரோ எண்டு கேள். அம்மாட்டைச் சொல்லு, கடிதம் வந்திருக்கு. மகள் ஆஹென் நகரத்துக்குப் படிக்கப் போனாள். வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினோம். அந்த இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் அவ்வளவாகத் தெரியாது என்பது மெல்லத்தான் தெரிந்தது.

ஒருநாள் சொன்னாள்: "எனக்கு உங்களோட கோவம் ஒண்டும் இல்லை. ஆனா என்னால இப்பிடி இருக்க ஏலாது."

நான் முதல் வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். சில நாளில் அவள் தன் உடுப்புகளோடு போனாள். கொடியைக் கழற்றி அலுமாரியின் மேல்தட்டில், வெறும் தட்டில், சுருட்டி வைத்திருந்தாள்.

இங்கே மணவிலக்குக் கேட்பதற்கு முன்னால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். டிரென்னுங்ஸ்யார் என்பார்கள், பிரிவு வருடம். சட்டம் எவ்வளவு நிதானமான பிராணி. போறதெண்டாலும் ஆறுதலாகப் போ என்கிறது. அந்த வருடம் முடிவதற்குள் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நான் இருந்தேன். கட்டிலில் அவள் பக்கத்துக்கு நான் இன்னும் உருண்டு போவதில்லை.

இந்த நிலைமையில்தான் அக்கா வருகிறேன் என்றார்.

அக்கா டொராண்டோவில் இருக்கிறார். எங்கள் கலியாணத்தைப் பேசிச் செய்தவர் அவர்தான். மணவறையில் தோழியாக நின்றவரும் அவர்தான். நான் கொடி பூட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "கொக்கியைப் பாத்துப் பூட்டடா, அவளின்ரை மயிரைச் சேத்துப் பூட்டிப்போடாதை" என்று காதுக்குள் சொல்வதாக நினைத்துச் சபைக்கே கேட்கச் சொன்னவர். இப்போது அக்காவின் மகளுக்குக் கலியாணம். நான் தாய்மாமன். தாய்மாமனும் மாமியும் சோடியாக நிற்கவேண்டிய சடங்குகள் இருக்கின்றன. சோடி இல்லை என்ற கதை கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் நல்லாயிராது. ஆகவே அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது, மகளைத் தவிர.

எங்களுக்குள் கலியாணத்துக்குச் சொல்வதென்றால் வீட்டுக்கு வந்து, புருசனையும் பெண்சாதியையும் ஒன்றாக நிறுத்தி, குங்குமம் வைத்துச் சொல்லவேண்டும். டோர்ட்முண்டில் ஓர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்த அக்கா, ஒரு பகலுக்கு ஹனோவர் வந்து சொல்லிவிட்டுப் போக முடிவு செய்தார். வீட்டுக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? பாதி வெறுமையான அலுமாரி. ஒற்றைத் தேநீர்க் கோப்பை. குளியலறையில் ஒரு பல்தூரிகை. குளியலறை என்றவுடன் பொய்யும் வந்தது.

"பாத்றூம் உடைச்சுக் கட்டுறாங்கள் அக்கா. வீடு முழுக்கத் தூசி."

"அப்ப ஊரைக் காட்டு. இத்தினை வருசமா இருக்கிறியள், ஒருக்காலும் காட்டினதில்லை."

உண்மைதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எவ்வளவு சனம் வந்திருக்கிறது. வந்தவர்களை வாகனத்தில் ஏற்றிப் பாரிசுக்குக் கொண்டு போவோம், கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி இடியப்பப் பார்சல் பிரிப்போம். சுவிஸுக்குக் கொண்டு போய்ப் பனி காட்டுவோம். நாங்கள் இருந்த ஊரை மட்டும் ஒருவருக்கும் காட்டியதில்லை, நாங்களும் பார்த்ததில்லை. எங்களுக்கு ஹனோவர் என்பது வெளிநாட்டவர் அலுவலகம், பள்ளிக்கூடம், வேலை, தமிழ்க்கடை. மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டிருந்தோம்.

அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மச்சாளுக்காக வாறன். ஒரு நாள். வீட்டை வரமாட்டன்." வைப்பதற்கு முன்: "கொடியைக் கொண்டு வாங்கோ. மச்சாள் முதல்ல கழுத்தைத்தான் பாப்பா."

அன்றைக்கு எனக்கு ஒரேயொரு வேலைதான். அவள் தன் ட்ராமுக்குப் போவதற்கு முன், எங்கேயாவது ஓரிடத்தில், வீட்டை போவம் என்று சொல்லவேண்டும். மூன்று சொல்கூட இல்லை. இரண்டு.

அவள் வந்தாள். தலைமயிரைக் குறைத்து வெட்டியிருந்தாள். கழுத்தில் கடுகு நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை, நான் காணாதது. பையை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"இதென்ன, பாண் பைக்குள்ளையே கொண்டந்தனீங்கள்?"

"கள்ளன் பாணைத் தொடமாட்டான்."

சிரிப்பு வாய்வரை வந்து திரும்பிப் போனது. நிலையத்துக்குள் இருக்கும் கழிவறைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு வந்தாள். "கண்ணாடிக்கு முன்னால நிண்டு பூட்டினனான். பக்கத்தில கை கழுவின மனிசி பாத்திட்டு வடிவா இருக்கெண்டுது," என்றாள், வேறு யாருடையதோ கொடியைப் பற்றிச் சொல்வதுபோல. வெறும் பையைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டாள்.

அக்கா ரயிலால் இறங்கி, இரண்டு கைப்பைகளோடு, சனத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவள் சொன்னது சரி. முதல் பார்வை கழுத்துக்கு. பிறகுதான் கட்டிப்பிடித்தார்.

"மெலிஞ்சு போனாய் பிள்ளை. இவன் சாப்பாடு தாறேல்லையே? அதுசரி, உன்ரை பங்கையும் இவன்தான் சாப்பிடுறான் போல. வயித்தைப் பார்."

"வந்த உடனயே தொடங்கிட்டா," என்றேன்.

"பின்ன? ஒரு பகலுக்குள்ள சொல்லி முடிக்கவேணுமெல்லே."

நிலைய வாசலுக்குக் கிட்ட இருந்து நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. நகரசபை அடித்த வர்ணம். அதன்மேல் நடந்தால் பார்க்கவேண்டிய இடங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகலாம். எவ்வளவு தரம் அதைக் கடந்து வேலைக்கு ஓடியிருக்கிறேன். குறுக்காகத்தான் கடந்திருக்கிறேன், நெடுக்காக ஒருநாளும் நடந்ததில்லை.

அக்கா குனிந்து பார்த்தார். "இதென்னடா, எல்லை பிரிச்சிருக்கிறாங்களே? ஆருக்கும் ஆருக்கும் வழக்கு?"

"இல்லை அக்கா. இதைப் பிடிச்சுக்கொண்டு நடந்தா ஊர் முழுக்கப் பாக்கலாம். சுத்திக்கொண்டு வந்து வெளிக்கிட்ட இடத்திலயே விடும்."

"அப்ப ஏன் வெளிக்கிடுவான்?" என்றார் அக்கா. ஆனாலும் முதல் ஆளாகக் கோட்டில் ஏறி நடந்தார்.

ஒக்டோபர் வெயில் இந்த நாட்டில் கடன் வாங்கியதுபோலத்தான் இருக்கும், எந்த நிமிடமும் திருப்பிக் கேட்டுவிடுவார்கள். ஒபரா மண்டபத்தின் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் அக்கா எங்களை நிறுத்தினார். தொலைபேசியை உயர்த்தினார். தாழ்த்தினார்.

"நடுவில ஆருக்கு இடம் விட்டிருக்கிறியள்? உந்தத் தூணுக்கே? கிட்ட நில்லுங்கோ."

அவள் ஓரடி வந்தாள். அவளுடைய தோள் என் கையில் பட்டது. தலையில் வேறு சம்பூ மணந்தது. எங்கள் வீட்டில் எத்தனையோ வருடமாக ஒரே பச்சைப் போத்தல்தான். அதையே நான் இன்னமும் வாங்குகிறேன். மனிதருக்குத் தெரியாமல் எது எதெல்லாம் முதலில் பிரிந்து போகிறது.

"சிரியுங்கோவன்," என்றார் அக்கா. "பாஸ்போட்டுக்கே படம் எடுக்கிறன்?"

சிரித்தோம்.

கோடு எங்களை ஒரு தேவாலயத்துக்குள் கொண்டு போய்விட்டது. உள்ளே என்று சொல்லக்கூடாது. சுவர்கள் இருக்கின்றன, யன்னல் வளைவுகள் இருக்கின்றன, கூரை இல்லை. போரில் குண்டு விழுந்து எரிந்தது. திருப்பிக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். தரையில் புல்லும் கல்லும். சுவரில் கொடி படர்ந்து சிவந்து கிடந்தது. மேலே முழு வானம். யாரோ ஒரு கிழவர் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எரிந்த சுவரைப் பார்த்தால் எங்கள் சனம் பேச்சை நிறுத்திவிடும். விளக்கம் ஒன்றும் தேவையில்லை.

பிறகு அக்கா கைப்பையைத் திறந்தார். அழைப்பிதழ், ஒரு பட்டுச்சேலைப் பெட்டி, சின்ன வெள்ளிச் சிமிழ்.

"அக்கா, இஞ்சையே?"

"வேறை எங்க? வீட்டை வந்து சொல்லவேணுமெண்டு வந்தனான். நீ விடுறாயில்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கவும் விடுறாயில்லை. இதுக்கும் நாலு சுவர் இருக்குத்தானே. கூரைதான் இல்லை. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கோ, கிழக்கைப் பாத்து."

கிழக்கு எது என்று தெரியவில்லை. அவள்தான் சூரியனைப் பார்த்துத் திரும்பினாள், நானும் திரும்பினேன். அக்கா அவளுடைய நெற்றியில் குங்குமம் வைத்தார், வகிட்டிலும் வைத்தார். என் நெற்றியில் சந்தனத்துக்குப் பதிலாகக் குங்குமத்தையே இழுத்தார். "சந்தனம் அங்க சூட்கேசுக்குள்ள போயிட்டுது. பரவாயில்லை." அழைப்பிதழை எங்கள் நாலு கையிலும் அக்கா வைத்தார். அவருடைய குரல் திடீரென்று சடங்குக் குரலாக மாறியது. "நீங்கள் ரெண்டு பேரும் முன்னுக்கு நிண்டு என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை நடத்தித் தரவேணும்."

"ஓம் மச்சாள்," என்றாள் அவள்.

எனக்கு ஓம் வரவில்லை. தலையை ஆட்டினேன். உறையின் மேல் எங்கள் இரண்டு பேரின் பெயர்களும் அக்காவின் உருண்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுவரோரக் கிழவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து மெல்லத் தலைகுனிந்தார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருப்பார். பிழையில்லை.

அடுத்தது நகர மண்டபம். அரண்மனை மாதிரி, பச்சைக் குவிமாடம். உள்ளே பெரிய கூடத்தில் இந்த நகரத்தின் மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். பழங்காலத்தில் எப்படி இருந்தது, போருக்கு முன் எப்படி, போர் முடிந்தபோது எப்படி, இப்போது எப்படி. மூன்றாவதில் பாதிக்கு மேல் சுவர்த் துண்டுகள்தான்.

"உதை ஏன் மினக்கெட்டுச் செய்து வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார் அக்கா. "உடைஞ்சதை."

"என்ன போனதெண்டு தெரியவேணுமெல்லே மச்சாள். தெரிஞ்சாத்தானே மிச்சத்தைக் கட்டலாம்," என்றாள் அவள்.

அவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு வருடமும் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

குவிமாடத்தின் உச்சிக்கு ஒரு லிப்ட் போகிறது. நேராக அல்ல, குவிமாடத்தின் வளைவுக்கேற்பச் சரிந்து சரிந்து ஏறுகிறது. அது சரியும் என்று கேட்டவுடன் அக்கா வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "நான் வரேல்லை. நேராப் போற லிப்டையே நான் நம்பிறதில்லை. நான் பைகளைப் பாக்கிறன். சோடியாப் போயிட்டு வாங்கோ."

சின்னக் கூண்டு. இன்னொரு ஜெர்மன் குடும்பமும் ஏறியது. சரியத் தொடங்கியதும் அவளுடைய கை என் மேற்சட்டையின் ஓரத்தைப் பிடித்தது. முகத்தைப் பார்த்தேன். அவள் காலடியில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை செய்வது அவளுக்குத் தெரியாது போல. மேலே வந்து நின்றதும் கை தானாக விட்டது.

உச்சியில் காற்று. தெற்கே ஏரி, அதன்மேல் கடுகுமணி மாதிரிப் பாய்மரப் படகுகள். சுற்றிவர இந்த நகரம், இவ்வளவு பச்சையா என்று நம்ப முடியாமல்.

"எங்கட வீடு எங்கால?" என்று கேட்டாள்.

எங்கட. நான் தென்மேற்கே காட்டினேன். அடுக்குமாடிகள் கூட்டமாக நிற்கும் இடம். "அந்த ரெண்டாவது பெட்டி. இல்லை, அதுக்குப் பின்னால."

"இஞ்ச இருந்து பாக்க வடிவாக் கிடக்கு."

"உம்மட?"

கேட்டிருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் எனக்கு விலாசம் தந்ததில்லை, நானும் மகளிடம் விசாரித்ததில்லை. ஆனால் அவள் தயங்காமல் மேற்கே கையை நீட்டினாள். "அந்த மூண்டு பெரிய புகைக்கூண்டு தெரியுதே, மின்சாரம் செய்யிற இடம்? அதுக்கு அங்கால. ஆத்தங்கரைக்குக் கிட்ட. காலமை யன்னலைத் திறந்தா தண்ணி மணக்கும்."

"தனியப் பயமில்லையே?"

"முதல் பயந்தனான். பிறகு நித்திரை வந்திட்டுது." கொஞ்ச நேரம் கூண்டுகளைப் பார்த்தாள். "நல்ல நித்திரை. எத்தினையோ வருசத்துக்குப் பிறகு."

சொல்லவேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேர், வானம், கீழே எங்கள் வாழ்க்கை முழுவதும் ஒரு கைப்பிடிக்குள். ஆனால் நல்ல நித்திரை என்று சொன்ன ஒருவரை எப்படி எழுப்புவது? ஆகவே நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். பகிடி மாதிரி.

"இண்டைக்கு இப்பிடிச் சேந்து நிண்டா, அந்தப் பிரிவு வருசம் திரும்ப முதலில இருந்து தொடங்குமே?"

அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதன்முதலாக நேராக.

"லோயரிட்டைக் கேட்டனான். ஒரு நாள் எண்டா கணக்கில்லையாம்."

கேட்டிருக்கிறாள். வருவதற்கு முன்னமே, டெர்மின் எடுத்து, நேரம் குறித்து, போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அதைச் சொன்ன குரலில் ஒரு முள்ளும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் குளத்தோடு ஒரு பூங்கா. வாங்கில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பார்சல்களைப் பிரித்தோம். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய், கொஞ்சம் சம்பல். வாழையிலை இல்லை, வெள்ளித்தாள். அக்காவுக்கு ஒன்றைக் கொடுத்தாள், தனக்கொன்றை எடுத்தாள், மூன்றாவதைப் பையின் அடியிலிருந்து தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது உங்கட. உப்புக் குறைச்சது."

எனக்கு இரத்த அழுத்தம். வீட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு சட்டியில் சமைத்தவள். தன் சின்னச் சமையலறையில், ஆற்று மணத்தோடு, விடிய எழும்பி இன்னொரு சட்டி வைத்திருக்கிறாள். ஒரு வாய் போட்டேன். குளத்தில் வாத்துகளைப் பார்த்தேன். ஒருவரின் நாக்கைக்கூட மறக்காதவள் அவரை விட்டுப் போவாளா? அந்த ஒரு வாய்ப் புட்டில் என் வருடம் முழுவதும் திரும்ப உயிர்த்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம். பின்னேரம் சொல்லலாம்.

அக்கா புட்டைக் குழைத்துக்கொண்டே அவளுடைய கழுத்தைப் பார்த்தார். "கொடி என்ன இப்பிடிப் புதுசு மாதிரிக் கிடக்கு? போடுறேல்லையே?"

அவளுக்கு ஒரு கணமும் தேவைப்படவில்லை. "வேலையில நகை போட விடமாட்டினம் மச்சாள். பல்லு டொக்டரெல்லே. கிருமி எண்டு சொல்லுவினம்."

"கழுத்தில கிடக்கிறதுக்கும் சட்டமே உங்க?"

"எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு அக்கா," என்றேன் நான்.

சாப்பிட்ட பிறகு கோடு எங்களை ஆற்றோரம் கொண்டு போனது. மறுகரையில் பளிச்சென்ற வர்ணங்களில் மூன்று பருத்த பெண் சிலைகள் ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டு நின்றன. "உவையைப் பாரன், கவலையே இல்லை," என்று அக்கா தானும் ஒரு காலைத் தூக்கப் பார்த்து, அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் எப்போது கண்டேன்? கண்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

பழைய நகரத்துக்குள் நுழைந்தோம். மரச்சட்டம் போட்ட வீடுகள், யன்னல்களில் பூச்சட்டி, வளைந்த சின்னத் தெரு. அக்காவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. நான் அறிவிப்புப் பலகையை வாசித்துச் சொன்னேன். போரில் இந்தப் பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டது. வேறு தெருக்களில் தப்பிய பழைய வீடுகள் சிலவற்றைக் கழற்றிக் கொண்டுவந்து, இங்கே வரிசையாகப் பூட்டி, ஒரு பழைய தெரு மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

"அப்ப இதும் பொய்யே?" என்றார் அக்கா.

இதும் என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அக்காவோ ஒரு கடை யன்னலில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் கதை தெரிந்ததோ தெரியாததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெயிலைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். மழை இல்லாத ஈரம், தெருவிளக்குகள். கோடு சந்தைத் தேவாலயத்தைச் சுற்றி, கடைத்தெருக்களுக்குள்ளால், சொன்னபடியே எங்களை ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டது. மேடையில் ரயில் வந்து நின்றது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அவளை அதைவிடக் கன நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் ஏறி, கதவு மூடுவதற்குள் திரும்பினார்.

"பாத்றூம் முடிஞ்ச உடன படம் அனுப்பு. என்ன மாபிள் போட்டனியெண்டு பாக்கவேணும்."

கதவு மூடியது. நாங்கள் கை அசைத்தோம். ரயில் போன பிறகும், மறந்துபோய், கொஞ்ச நேரம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.

வெளியே வந்தோம். அவளுடைய ட்ராமும் என்னுடைய ட்ராமும் வெவ்வேறு. வாலுக்குக் கீழே, பீடத்தின் நிழலில் அவள் நின்றாள். சேலைப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். "இதை நீங்கள் வைச்சிருங்கோ. கலியாணத்துக்கு என்ன செய்யிறதெண்டு பிறகு கதைப்பம்." பிறகு: "கொடியையும் கழட்டித் தாறன்."

சால்வைக்குள் இரண்டு கையையும் விட்டுப் பின்கழுத்தில் தேடினாள். இழுத்தாள். முகம் சுளித்தாள். கம்பளி நூல் கொக்கியோடு சுற்றிக்கொண்டுவிட்டது.

"ஏலாமக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என்னிடம் வாசிக்கும் கண்ணாடி இல்லை. "தெரியேல்லை," என்றேன். அவள் தொலைபேசியை எடுத்து, அதில் விளக்கைப் போட்டு, தோளுக்கு மேலால் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். வெளிச்சம் அவளுடைய பின்கழுத்தில் விழுந்தது. குறைத்து வெட்டிய மயிரின் கீழே இரண்டு மூன்று நரை. நடுவில் கொக்கி, அதைச் சுற்றிக் கடுகு நிற நூல்.

"மயிரைச் சேத்து இழுத்துப்போடாதேங்கோ," என்றாள்.

நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெட்டிகளை உருட்டிக்கொண்டு சனம் எங்களைச் சுற்றிப் போனது. யாரோ யாரையோ தேடி வந்து, கண்டு, கத்திக்கொண்டு ஓடினார்கள். என் விரல்கள் அவளுடைய தோலில் பட்டன. எவ்வளவு மெல்லப் பிரிக்கலாமோ அவ்வளவு மெல்லப் பிரித்தேன். கடைசி நூலில் வந்து நின்றேன். அதையும் எடுத்தால் வேலை முடிந்துவிடும்.

"வீட்டை போவம், வாருமன்," என்றேன். அவளுடைய கழுத்துக்குச் சொன்னேன்.

வெளிச்சம் அசையவில்லை. ஒரு ட்ராம் எங்கோ மணி அடித்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. விட்டதும் கேட்டது.

"கழண்டிட்டுதோ?" என்று கேட்டாள்.

கடைசி நூலை எடுத்தேன். கொக்கியைத் திறந்தேன்.

"ஓம்," என்றேன்.

விளக்கை அணைத்தாள். திரும்பினாள். கழுத்தை ஒருதரம் தடவிக்கொண்டாள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது, அவள் மறந்துவிட்டாள் போல, நான் சொல்லவில்லை. "பிறசர்க் குளிசையை மறக்காமப் போடுங்கோ," என்றாள். படிகளில் இறங்கிப் போனாள். கடுகு நிறம் சனத்துக்குள் கொஞ்சத் தூரம் தெரிந்தது.

பேக்கரிப் பை காலையிலேயே குப்பைக்குள் போய்விட்டது. கொடியைக் கைக்குள் பொத்தி, மேற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு ட்ராம் ஏறினேன். மடியில் சேலைப் பெட்டி. மற்றக் கையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அக்கா குடும்பக் குழுவில் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒபரா, எரிந்த தேவாலயம், குளக்கரை. லண்டன் மச்சான் நல்ல சோடி என்று எழுதினார். சிட்னியிலிருந்து யாரோ, கண்படப் போகுது, சுத்திப் போடுங்கோ.

பைக்குள் கொடி சூடாக இருந்தது. பகல் முழுவதும் அவளோடு கிடந்த சூடு. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் தரிப்பிடம் வருவதற்கு முன்னமே அது ஆறிவிட்டது.